பத்து ஐம்பதுக்கு வீட்டில் இருந்தது யார்?

ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. மறுநாள் காலை அந்த வீட்டு மாமியார் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு, புளியங்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டுக்கும் நான்தான் காரணம். சர்வீஸ் லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த ஸ்க்ரூடிரைவர் செட் நல்லது, எந்த பென்டிரைவ் தாங்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

1. என் குணம்

சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் டேலி கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்டரை மூடிவிட்டார்கள். டூல் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். 'டீச்சர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. முதல் சில வருடங்கள் கதவைத் திறப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கா" என்பேன்.

இந்தத் தொழிலில் இரண்டு பக்கமும் சந்தேகம்தான். நாம் பெட்டிக்குள் இருக்கும் நல்ல மெமரி சில்லை, அதாவது ரேமை, உருவிக்கொண்டு பழையதைச் செருகிவிடுவோம் என்று கஸ்டமர் நினைக்கிறார். கஸ்டமர் சொல்வதில் பாதி பொய் என்று நாம் நினைக்கிறோம். "ஒண்ணுமே பண்ணல டீச்சர், தானா போயிருச்சு." இதைக் கேட்டதும் யாரோ என்னவோ பண்ணியிருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிடும். ஒருவர் கீபோர்டில் ஒரு சொட்டு தண்ணீர்கூடப் படவில்லை என்று சாதித்தார். நான் அதைக் கவிழ்த்தேன். அரை டம்ளர் டீ என் மடியில் கொட்டியது. சர்க்கரை தூக்கலான டீ.

அதனால் யாரையும் நம்புவதில்லை என்பதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். நம்ப நட, நம்பி நடவாதே என்பதை எங்கள் தொழிலுக்காகவே சொல்லிவைத்தார்கள் என்று நினைப்பு.

2. விஜயதசமி

அன்று வெள்ளிக்கிழமை, விஜயதசமி. மாரியப்பன் போன் செய்தார். வீட்டுக்குப் பின்னால் நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி கௌசல்யா வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறாள். ஒரு டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தொகுப்பு, முந்நூறு பக்கத்துக்கு மேல். திங்கட்கிழமை அனுப்பவேண்டும்.

"நல்ல நாளும் அதுவுமா மொத வேலைன்னு சுவிட்சைப் போட்டா, பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்கு டீச்சர். சுத்துது, அணையுது, திரும்பச் சுத்துது."

போனேன். அப்டேட் பாதியில் அறுந்த மெஷின். மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்கிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதையே சொல்கிறது. முந்தின நாள் ஆயுத பூஜை. தறி, மிக்ஸி, தையல் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மானிட்டரில் மூன்று பொட்டு, சிபியூவில் மூன்று பொட்டு, பிளக்கின் முதுகில்கூட ஒரு பொட்டு. பக்தியாக வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். சிரித்ததற்குப் பதிலாக யோசித்திருக்கவேண்டும்.

"யாராவது அப்டேட் ஓடும்போது ஆஃப் பண்ணுனீங்களா?"

"யாரும் பண்ணல," என்றார் மாரியப்பன். கௌசல்யாவும் தலையை ஆட்டினாள். முந்தின நாள் காலையில் அவள்தான் அப்டேட்டைப் போட்டிருந்தாள். முன்கூட்டியே டவுன்லோடு ஆகியிருந்ததால் நெட் வேண்டியிருக்கவில்லை; இன்ஸ்டால் மட்டும்தான். பழைய ஹார்ட் டிஸ்க், நாள் முழுக்க ஆகும் என்று மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் பூஜை வேலையைப் பார்க்கப் போய்விட்டாளாம்.

நான் சிபியூவைக் கழற்றியதும் மாரியப்பன் செல்போனை நீட்டினார். "ரேமை ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன், தப்பா நினைக்காதிய."

"எடுங்க. அப்படியே என் முகத்தையும் சேர்த்து எடுத்துக்கோங்க," என்றேன்.

பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பி முதலில் ஃபைல்களை வெளியே எடுத்தேன். முந்நூறு பக்கமும் பத்திரம். கௌசல்யாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு அறுந்த அப்டேட்டை நீக்கினேன். மெஷின் எழுந்தது. அதோடு பையைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"டீச்சர், யாரு ஆஃப் பண்ணுனதுன்னு அதுல தெரியுமா?" என்றார் மாரியப்பன்.

தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு. மெஷின் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று எழுதிவைக்கும் லாக் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். கரண்ட் திடீரென்று போனதற்கான வரி கண்ணில் பட்டது.

"நேத்து காலைல பத்து ஐம்பது. அப்ப வீட்ல யாரு இருந்தா?"

ஊரில் கரண்ட் போகவில்லை. தறி ஓடுகிற வீட்டில் அது தெரியாமல் இருக்காது. அந்த நேரம் மாரியப்பனும் கௌசல்யாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொரியும் பூசணிக்காயும் வாங்க பஜாருக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் திரும்பி இசக்கியம்மாளைப் பார்த்தார்கள். அவர்தான் மாரியப்பனின் அம்மா. வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு சண்முகத்தாயும், தறி ஓட்டுகிற முருகனும்கூடப் பார்த்தார்கள்.

"நான் தொடல. அங்கன போகவே இல்ல."

"தினம் ராத்திரி பத்து மணிக்கு எல்லா சுவிட்சையும் நீதானம்மா அணைக்க? பழக்கத்துல அணைச்சிருப்ப," என்றார் மகன்.

"ராத்திரி அணைச்சி காலைல ஆறு மணிக்குப் போடுதேன். அது ராத்திரி. பகல்ல நான் எதுக்குலே அணைக்கப் போறேன்? கோமதி அம்மன் மேல சத்தியமா சொல்லுதேன், நான் தொடல."

கௌசல்யா மாமியார் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள். அது 'ஆமாம்' என்று சொல்வதுபோல் இருந்தது. நானாவது வாயை மூடியிருக்கலாம்.

"பெட்டி பொய் சொல்லாதும்மா," என்றேன்.

3. மேலே இருந்த வரி

சனிக்கிழமை மத்தியானம் அப்டேட்டை முழுதாகப் போட்டுக்கொடுக்க மறுபடி போனேன். கௌசல்யா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அத்தை காலைல புளியங்குடிக்குப் போயிட்டாவ டீச்சர். சத்தியத்தை நம்பாத வீட்டுல சோறு இறங்காதுன்னுட்டாவ. அவிய இருந்தாத்தான் நான் இந்த வேலையே பாக்க முடியும். இப்ப வேலையும் ஓடல, மனசும் ஓடல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மனதுக்குள், செய்ததை ஒத்துக்கொண்டால் முடிந்துபோகிற விஷயம்தானே என்றுதான் ஓடியது. குணம் லேசில் போகுமா?

அப்டேட்டைப் போட உட்கார்ந்தேன். திரையின் மூலையில் இருந்த கடிகாரம் வெள்ளிக்கிழமை என்று காட்டியது.

"கௌசல்யா, இது எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா டீச்சர், நெட்டு போட்டா சரியாயிரும். மத்த நேரம் தப்பாத்தான் காட்டும். நாங்க செல்லுல பாத்துக்கிடுவோம்."

மெஷினை மூடி பிளக்கைப் பிடுங்கினேன். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பச் செருகினேன். கடிகாரம் சரியாகப் பத்து நிமிஷம் கூடுதலாகப் பிந்தியிருந்தது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது சாகக் கிடந்தது; நேரத்தை நினைவில் வைக்கத் தெம்பு இருந்தது, ஓட்டத் தெம்பில்லை. சுவிட்சை அணைத்தால் கடிகாரம் அப்படியே நின்றுவிடும், போட்டால் நின்ற இடத்திலிருந்து ஓடும்.

லாக்கை மறுபடி திறந்தேன். பத்து ஐம்பது என்ற வரிக்கு மேலேயே, நான் படிக்காமல் விட்ட வரி இருந்தது. அப்டேட் தொடங்கிய நேரம்: நள்ளிரவு ஒன்றரை.

"நீ அப்டேட்டை எத்தனை மணிக்குப் போட்ட?"

"காலைல ஒன்பதரைக்கு. நெட்டு முந்தின நாள் ராத்திரி போட்டதோட சரி."

எட்டு மணி நேர வித்தியாசம். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சுவிட்ச் அணைந்திருந்த அதே எட்டு மணி நேரம். அப்படியானால் கரண்ட் போனது காலை பத்து ஐம்பதுக்கு இல்லை, சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு. அப்போது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், பூஜை நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். கடிகாரத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. லாக்கில் ஒன்பது வரி இருந்தும், என் சந்தேகத்துக்குப் பொருந்திய ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு ஒரு வயதான பெண்ணின் சத்தியத்தைப் பொய்யாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

4. புளியங்குடி

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மகள் வீட்டு வாசலில் இசக்கியம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, எட்டு மணி நேரம், ஆறு ஐம்பது. தப்பு என்னுடையது என்றேன். மன்னிச்சிருங்கம்மா என்றேன்.

"பெட்டி பொய் சொல்லாதுன்னியே தாயி?"

"சொல்லிருச்சும்மா."

"நான் சாமி மேல சத்தியம் பண்ணுனேன். நீ பெட்டியத்தான் நம்புன." பூவை முடிச்சுப் போட்டார். "அன்னைக்கு எத்தனை பேருக்கு முன்னால சொன்ன?"

எண்ணிப் பார்த்தேன். "நாலு பேரு."

"அந்த நாலு பேருக்கு முன்னாலயும் சொல்லு. இங்கன வந்து என் காதுல சொன்னா எனக்கு மட்டுந்தான தெரியும்? எனக்குத்தான் அது அன்னைக்கே தெரியுமே."

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதே அறையில் அதே ஆட்களைக் கூட்டினேன். சண்முகத்தாயைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, தானே வந்துவிட்டாள். முருகனைத் தறியை நிறுத்திவிட்டு வரச்சொன்னேன். வெள்ளிக்கிழமை எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அதே சத்தத்தில் சொன்னேன். யார் அணைத்தார்கள் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன். கரண்ட் போனது சாயங்காலம் ஆறு ஐம்பது. அம்மா சொன்னது நிஜம். நான் சொன்னது தப்பு.

மாரியப்பன் சுவரில் இருந்த பிளக்கிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஆறு ஐம்பதா? அப்ப நாந்தான டீச்சர் சந்தனம் வச்சிக்கிட்டு வந்தேன்? எல்லா பிளக்கையும் பிடுங்கித் துடைச்சிப் பொட்டு வச்சேன். இந்தத் திரை அணைச்ச டிவி மாதிரி இருட்டா இருந்துச்சு. ஆஃப் ஆயிருக்குன்னுலா நினைச்சேன்!"

பிளக்கின் முதுகில் அந்தப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. சூடம் காட்டுமுன் எல்லா ஆயுதமும் ஓய்ந்திருக்கவேண்டும். தறி வீட்டில் அது பிறந்ததிலிருந்து வரும் பழக்கம். ஆஃப் பண்ணினாயா என்று கேட்டால் அவருக்கு அது நினைவுக்கே வராது, ஏனென்றால் அவர் பூஜைதான் செய்தார். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "அம்மா..." என்று இழுத்தார்.

"தெரியாமத்தானலே பிடுங்குன. விடு," என்றார் இசக்கியம்மாள்.

அவ்வளவுதான். மகனுக்கு அவர் ஒரே மூச்சில் கொடுத்த அந்த வார்த்தையை, நாங்கள் ஒருவர்கூட அவருக்கு மூன்று நாளாகக் கொடுக்கவில்லை. கௌசல்யா அழுதுவிட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் நான் சொல்வது. எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். "யாராவது ஆஃப் பண்ணுனீங்களா" என்று கேட்காதீர்கள், நேற்று முழுக்க வீட்டில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். மெஷினுக்கு என்ன ஆனது என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது. யார் என்று கேட்டால் டூல் பையைக் கட்டுங்கள். எனக்கு இன்னமும் சந்தேகக் குணம் போகவில்லை. இப்போது அதில் பாதியை என் பக்கமும் திருப்பி வைத்திருக்கிறேன்.

புது பேட்டரியைப் போட்டு, சிபியூவில் எந்த விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தேன். கிளம்பும்போது இசக்கியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி நான் சுவிட்சை அணைக்கலாமா, கூடாதா?"

"அந்த விளக்கு எரியலைன்னா தாராளமா அணைக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடு."

கௌசல்யாவின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் நேரமும் போடச் சொன்னார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, செல்போனை எடுத்து அதிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.