சைரன் சிஸ்டர் திருப்பிக் கொடுத்த ஷூ

பன்னிரண்டு வருஷமாக ஒரு செருப்புக் கடையின் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். விற்கிறவனுக்குச் சிரித்த முகங்கள் வாய்க்கும். என்னிடம் வருவதெல்லாம் கடுகடுத்த முகங்கள். கடிக்கிறது, பிய்ந்துவிட்டது, வீட்டுக்காரிக்கு நிறம் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு புலம்பல். அப்படி வந்தவர்களில் நான் முதலில் பயந்து பிறகு கையெடுத்துக் கும்பிட்ட ஒரே ஆள் சைரன் சிஸ்டர்.

எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு அவர்தான் தலைமை நர்ஸ். வார்டின் இந்தக் கோடியில் நின்று, "யாரது, கட்டில்ல செருப்புக் காலோட?" என்று கேட்டால் அடுத்த கட்டடத்தில் இருப்பவரும் காலைக் கீழே போட்டுவிடுவார். பெயர் வந்த கதை அதுதான். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "சைரன் இல்லன்னா ஆம்புலன்ஸுக்கு எவன் வழி விடுவான்?" என்பார். முப்பத்தோரு வருஷம் நின்றே வேலை பார்த்தவர், முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சைப் பச்சையாகச் சுருண்டிருக்கும். அதனால் ஷூ விஷயத்தில் மகா கறார். எங்கள் கம்பெனியின் வெள்ளை ஷூவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அவர் போடுவதையே மற்ற நர்ஸுகளும் போட்டார்கள்.

ஒருநாள் அவர் வார்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாடிப்படியில் ஏறும்போது விழுந்துவிட்டாளாம். ஊர் எல்லையில் இருக்கும் ஷெட்டில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. சிஸ்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, "பாதத்துல பஞ்சு பட்டதும் சொல்லும்மா" என்றார். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அதற்குள் சிஸ்டர் நாலு தடவை பஞ்சால் தடவி முடித்திருந்தார்.

பசையிலிருந்து வரும் ஆவிதான் நரம்பைத் தின்கிறது என்றார் டாக்டர். விலகியிருந்தால் மெல்ல மெல்லச் சரியாகும், மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்தால் முடங்கிப்போவாள்.

"காத்து வராதா உங்க ஷெட்டுல?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஜன்னலையெல்லாம் ஆணி வச்சு அடிச்சிட்டாங்க சிஸ்டர். நீங்க போட்டிருக்கிற இதே வெள்ளை ஷூ இல்லியா, தூசி ஒட்டிக்கும்னு. ஃபேன் போட்டா பசை சீக்கிரம் காஞ்சிடுமாம், அதனால அதுவும் கிடையாது." அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. "எனக்குப் பக்கத்துல எங்கக்கா உக்காந்திருக்கா சிஸ்டர். அவளுக்கும் விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். ரெண்டு பிள்ளைங்க. அவ நின்னுட்டா வீட்ல அடுப்பு எரியாது."

சிஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதே வெள்ளை ஷூ, பெட்டி பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தன் கால் நோகக்கூடாது என்று ஒரு பெண்ணின் கால் செத்துப்போனதா என்று அன்றைக்குத் தன்னையே கேட்டுக்கொண்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை என் கவுண்டருக்கு வந்தார். பத்து நாளைக்குள் பெட்டியும் பில்லும் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வது எங்கள் கடை வழக்கம். அதற்கு நிரப்பும் சீட்டில் 'ஏன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அழுத்தி எழுதினார்: "இதை ஒட்டும் பெண்களுக்குக் கால் மரத்துப்போகிறது. ஜன்னலைத் திறங்கள். பசையை மாற்றுங்கள். அதுவரை இந்த ஷூ எனக்கு வேண்டாம்."

"சிஸ்டர், இதுக்கெல்லாம் கடையில..." என்று இழுத்தேன்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. இது கம்பெனிக்குப் போய்ச் சேருமா, சேராதா?"

"சேரும் சிஸ்டர்."

பொய்யில்லை. தினமும் சாயங்காலம் எல்லாக் காரணமும் கம்ப்யூட்டர் வழியாகத் தலைமை அலுவலகம் போகும். ஆனால் அதில் என் கைவரிசை ஒன்று உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். திரையில் ஆறு பட்டன். கடைசிப் பட்டன் 'மற்றவை'. அதை அமுக்கினால் வாடிக்கையாளர் எழுதியதை முழுக்க டைப் அடிக்க வேண்டும். யாருக்குப் பொறுமை? பன்னிரண்டு வருஷமாக எது வந்தாலும் முதல் பட்டன்தான் எனக்கு: 'அளவு சரியில்லை'. சிஸ்டரின் ஷூவுக்கும் அதையே அமுக்கினேன்.

ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே வாரத்தில் புது ஷூ வாங்குவார்கள். அது அந்த வாரம். சிஸ்டரின் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தது கம்பெனியின் கெட்ட நேரம். எங்கள் சீட்டைக் கட்டுக் கட்டாக நகல் எடுத்துக் கொடுத்தார், ஆளாளுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். அடுத்த பத்து நாளில் அறுபத்து நாலு நர்ஸுகள் பெட்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். நானும் சளைக்காமல் அறுபத்து நாலு தடவை முதல் பட்டனை அமுக்கினேன்.

மூன்றாவது வாரம் கடை வாசலில் லாரி வந்து நின்றது. இருநூறு பெட்டி. அதே வெள்ளை ஷூ, அரை அளவு பெரிசு! "கால் அளவு பற்றிய புகார்களை உடனே கவனித்துவிட்டோம்" என்று கூடவே ஒரு கடிதம் வேறு. மானேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, தானே போன் போட்டு சிஸ்டரை வரவழைத்தார்.

சிஸ்டர் ஒரு ஷூவை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் என்ன எழுதினேன்?"

சீட்டில் இருந்ததை வாய்க்குள் முனகினேன்.

"நீ என்ன அடிச்சே?"

சொன்னேன். அன்றைக்குக் கடையில் அடித்த சைரனில் கண்ணாடி அலமாரி உடையாதது அதிசயம். வாங்க வந்தவர்கள் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றுவிட்டார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்புறம் அவர் குரலைத் தணித்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணோட அக்கா இத்தனை நாளும் அங்கேயேதான் உக்காந்திருக்கா. இப்பெல்லாம் செருப்பு கழண்டு விழுந்தாக்கூட அவளுக்குத் தெரியலையாம். நீ பாட்டுக்கு ஒரு பட்டனை அமுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டே."

இழுப்பறையைத் திறந்து அத்தனை சீட்டையும் மேஜைமேல் கொட்டினேன்.

மானேஜர் பதறினார். "ஏம்பா, உனக்குப் பைத்தியமா? மேல படிச்சாங்கன்னா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு."

"படிக்கத்தானே சார் அந்தக் கட்டத்தை வச்சிருக்காங்க?" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ!

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினேன். எனக்கு இரண்டு விரல் டைப்பிங்தான். சிஸ்டர் ஷூ போட்டுப் பார்க்கும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். "நான் நடக்கணும்னா அவளும் நடக்கணும்" என்று ஒரு சின்ன நர்ஸ் எழுதியிருந்தாள். அதை அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. "அழுதுட்டு அடிக்காதே, தப்பு வருது" என்றார் சிஸ்டர்.

அதோடு விட்டாரா? பிடித்தால் உடும்புப் பிடி. கூடப் படித்தவர்கள், மாற்றலாகிப் போனவர்கள் என்று தெரிந்த நர்ஸுகளுக்கெல்லாம் போன் போட்டார். "திருப்பிக் குடுத்துட்டு ஓடி வந்துடாதீங்க. அவன் எந்தப் பட்டனை அமுக்குறான்னு எட்டிப் பாத்துட்டு வாங்க." ஊர் ஊராக நர்ஸுகள் கவுண்டர்மேல் சாய்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். ஒரே மாதம். எங்கள் கம்பெனிக்கு வந்த காரணங்களில் முதலிடம் 'மற்றவை'.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் காரில் வந்து இறங்கினார். "இதையெல்லாம் டைப் பண்ணது யாரு?" என்று கேட்டதும் நான் எழுந்து நின்றேன்.

சேதி கேட்டுக் கடைக்கு வந்திருந்த சிஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "எழுதினது நாங்க. அவன் இருந்ததை இருந்தபடி அடிச்சான். அதுக்குத்தானே சம்பளம் குடுக்குறீங்க?"

"அந்த ஷூவை நர்ஸுங்களைத் தவிர யாரும் வாங்குறதில்லம்மா" என்றார் அந்த அம்மாள், இறங்கின குரலில்.

"அது தெரியாமயா இத்தனை பேரு வந்தோம்?"

பேச்சுவார்த்தை ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோர் அறையில் நடந்தது. சிஸ்டர் தனியாகப் போகவில்லை. ஷெட்டிலிருந்து அந்த அக்காவையும் இன்னும் நாலு பெண்களையும் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜன்னல் திறந்தால் தூசி ஒட்டுமே என்று கம்பெனிக்காரர்கள் மூக்கால் அழுதபோது, அந்த அக்காதான் வாயைத் திறந்தாள்.

"ஷூ தோலுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிட்டா முடிஞ்சது சார். இதை எங்ககிட்ட யாரு கேட்டா?"



கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். ஜன்னல் திறக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் வரும், தண்ணீரில் கரைத்த பசை வரும், கால் பாதித்தவர்களுக்குச் சம்பளத்தோடு சிகிச்சை. நெடி வந்தால் வேலையை நிறுத்தும் பட்டன் பெண்கள் கையில் இருக்கும், அதற்காக யாரும் அவர்களைக் கேள்வி கேட்கக்கூடாது. இந்தக் கடைசி வரிக்காக மட்டும் சிஸ்டர் மூன்று நாள் மல்லுக்கட்டினார்.

நர்ஸுகள் துள்ளிக் குதித்தார்கள். சிஸ்டர் மட்டும் ஷூ வாங்கவில்லை. "காகிதத்துல ஜன்னல் தொறந்திருக்கு. நேர்ல பாத்தாதான் நம்புவேன்." நாலு மாதம் பழைய ஷூவிலேயே ஓட்டினார். அதற்குள் தங்கைக்காரி சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்திருந்தாள். அக்காவும் சிகிச்சை முடிந்து, பசைப் பக்கமே போக வேண்டாத சரிபார்க்கும் மேஜையில் சேர்ந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஷெட்டுக்குக் கிளம்பினார். "நீயும் வாடா தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஜன்னல் எல்லாம் விரியத் திறந்திருந்தன. ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொரு ஷூவும் உறைக்குள் இருந்தது. நாங்கள் வாசலில் நிற்கும்போதே, கோடியில் சரிபார்க்கும் மேஜையிலிருந்த அக்கா தலையை நிமிர்த்தி இரண்டு தடவை மூச்சை இழுத்தாள். எட்டிச் சுவரிலிருந்த சிவப்புப் பட்டனைத் தட்டினாள். மொத்த வரிசையும் நின்றது. நாற்பது பெண்களும் பிரஷைக் கீழே வைத்தார்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். நான் சிஸ்டரின் பின்னால் ஒதுங்கினேன்.

"என்னக்கா?" என்றார் அவர்.

"பழைய டின்னு ஒண்ணு கலந்து வந்திருக்கு. மூக்குல ஏறுது."

அவர் குனிந்து தேடினார், கண்டுபிடித்தார், டின்னைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். யாரும் யாரையும் திட்டவில்லை. சிஸ்டரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெஞ்சை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க சிஸ்டர். நல்லா காத்து வரட்டும். நாங்க சொன்னாத்தான் மறுபடி வேலை ஓடும்."