வெடிக்கு முன் மூடும் கண்

காற்றுக் கைத்துப்பாக்கி சுடும் பயிற்சியில் நான் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாற்பது வயசிலயோ உமக்குத் துவக்குத் தூக்க ஆசை வந்தது?" ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் நின்று கடதாசியைச் சுடுவதில் என்ன சுகம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாகாணக் குழுவுக்கான முதல் தெரிவுப் போட்டியிலேயே மானம் போயிற்று. நேரம் முடிந்து விசில் ஊதியபோது என் பெட்டியில் சுட வேண்டிய ஈயச் சன்னங்கள் மிச்சம் கிடந்தன. ஒவ்வொரு வெடிக்கும் கை நடுங்கும்வரை குறி பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். நான் நிதானமான ஆள் என்று வைத்திருந்த பெருமையும் அன்றோடு சரி. மறுதெரிவு ஒன்று உண்டு, அதிலும் தவறினால் குழுவில் இடமில்லை என்றார்கள்.

பயிற்சி தருபவர் என்னைவிட மிகவும் இளைய வவுனியாப் பெண். வேகத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் துவக்கை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ செய்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சுடுங்கோ அக்கா."

விசையை இழுத்தேன். ஒரு சொடுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே சன்னமே இல்லை. ஆனால் வெடித்துவிட்டதுபோல என் மணிக்கட்டு கீழே வெட்டி இழுத்திருந்தது.

"கண்ணை மூடிட்டியள்."

"நானோ?"

"ஓம். ஒவ்வொரு வெடிக்கும் மூடுறியள். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் இழுக்காம நிக்கிறியள்."

கோபம் வந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரருக்கு வெடி என்றால் முதலில் கண் மூடும், பிறகு உடம்பு குனியும். திருவிழா வாணத்துக்கும் எனக்கு அப்படித்தான். நானே சுட்டாலும் அப்படித்தான் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அதன்பிறகு சன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே சுடுவதுதான் பயிற்சி. வீட்டில் தண்ணீர்ப் போத்தலை நீட்டிப் பிடித்து, கலண்டரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூச்சைப் பாதியில் நிறுத்துவேன். கை ஆடத் தொடங்கினால் அடம்பிடிக்காமல் இறக்கிவிட்டு மறுபடி தூக்குவேன். "தண்ணி குடிக்கிறதெண்டா வாயில வையுமப்பா" என்று குசினி அடுப்படியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வரும்.

மறுதெரிவில் நேரம் முடிய முன்னரே கடைசிச் சன்னத்துக்கு வந்துவிட்டேன். விசையை மெல்ல அழுத்தினேன். வெடித்தது. தாளின் வெள்ளை ஓரத்தில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. அன்றைக்கு நான் சுட்டதிலேயே மட்டமான வெடி அதுதான்.

கடைசி ஆளாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாடா என்று கதிரையில் விழுந்தேன். பயிற்சி தந்த அந்தப் பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் நல்லாப் போய், இந்தக் கடைசி வெடிக்கு என்ன நடந்தது அக்கா?"

"ஓட்டை விழுறதைக் கண்டனான்" என்றேன். "முதல்தரமா என்ர கண்ணால கண்டனான்."