அளந்து ஊற்றிய தண்ணீர்

உம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வீட்டில் தண்ணீர் என் பொறுப்பாயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடையில் அதிகம் குடித்தால் நீர் உடம்பிலேயே தங்கி மூச்சை முட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் ஒரு சின்ன பாட்டிலை நிரப்பி வைப்பேன். அன்றைக்கு முழுவதும் அதுதான், மாத்திரைக்கும் அதிலிருந்துதான்.

விடியுமுன் தாராவிக் குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடிப்பவளும் நான், அதை உம்மாவுக்குத் தராதவளும் நான். தாகம் என்றவருக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய நன்மை இல்லை என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. "ஒரு மொடக்குத் தாளா" என்று உம்மா கெஞ்சும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் அழுதுவிடுவேன். பை தைக்கப் போய்க்கொண்டிருந்த கார்கானாவுக்கு எப்போதோ முழுக்குப் போட்டாயிற்று.

தம்பி இதே மும்பையில் விக்ரோலியில் இருக்கிறான். ஞாயிறு மதியம் வந்து உம்மாவோடு உட்காருவான். அந்த நேரத்தில் நான் மான்குர்த் சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்துத் தூங்குவேன். இப்படியொரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று சந்து முழுக்கப் பெருமை பேசியவளும் நான்தான்.

சில மாதமாக ஞாயிறு கழிந்தால் உம்மாவின் கால் வீங்கியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இப்படியே போனால் இதயம் நின்றுவிடும் என்றார் டாக்டர் அம்மா. "க்யா கிலாதி ஹோ இன்கோ?" இவருக்கு என்னதான் தின்னக் கொடுக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் என்னைத்தான் திட்டினார். தக்காளியை நிறுத்தினேன். உருளைக்கிழங்கை நிறுத்தினேன். காயை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினேன். அந்தச் சப்பென்ற சோற்றையே நானும் தின்றேன். உம்மா செத்துப்போனால் என் கையால்தான் என்ற பயம் என்னை விடவில்லை.

ஒரு ஞாயிறு ஹார்பர் லைனில் மெகா பிளாக், மான்குர்த்துக்கு ரயில் ஓடவில்லை. குர்லா வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. தம்பி இளநீரைச் சரித்துப் பிடித்திருக்க, உம்மா உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கீழே இன்னொன்று காலியாகக் கிடந்தது. சீக்காளியைப் பார்க்கப் போனால் இளநீர் வாங்கிப் போவது நம்மவர்கள் வழக்கம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், இந்தச் சீக்குக்கு அது விஷம் என்று இரண்டு பேருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"பச்சத் தண்ணியக்கூட அளந்துதான் ஊத்துதா மக்கா. நீ வரலன்னா தொண்ட காஞ்சே செத்துருவேன்" என்றாள் உம்மா.

"ராத்தாவுக்கு என்ன, எல்லாத்தயும் நிறுத்திட்டா வேல மிச்சம்லா" என்று என்னைச் சொல்லி அவன் சிரித்தான்.

சிரித்தபடி திரும்பியவன் என்னைப் பார்த்தான். "ஒரு எளனிதான ராத்தா. பாக்க பாவமா இருந்துச்சி."

"பாவமா இருந்தா கூட்டிட்டுப் போயி நீ பாரு."

"எங்க வீட்டுல சரிப்படாதுல்லா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

நெஞ்சு கொதித்தது. ஆனாலும் என் கண்ணால் பார்த்துவிட்டேனே, இனி உம்மா மறைக்க மாட்டாள் என்று நம்பினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். உம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னைக் கைகாட்டினாள். "இஸ்கோ பூச்சோ. யஹீ தேதீ ஹை." இவளைக் கேளுங்கள், இவள்தான் கொடுக்கிறாள் என்று. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

"இளநீர்" என்றேன். "என் தம்பி கொடுக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும்."

வரும் வழியில் ஆட்டோவில் உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குள் கால் வைத்ததும்தான் வாய் திறந்தாள்: "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டியேளா. இனிமே அவன் வருவானா?"

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. உம்மாவின் கால் வீங்கவில்லை. நான் அளந்து ஊற்றிய தண்ணீரை வாசலைப் பார்த்தபடியே குடித்தாள்.