காமாட்சியக்காவின் மடிப்புத் தக்காளி

திருச்சானூரில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு தக்காளி வண்டி உண்டு. நான் ஒவ்வொரு பழமாக எடுத்து முதலில் காம்பைப் பார்ப்பேன், அப்புறம் மடிப்பு இருக்கிறதா என்று தடவுவேன். "சார், பேன் பாக்கறீங்களா?" என்று போன வாரம் வண்டிக்காரர் கேட்டே விட்டார்.

என்ன செய்வது, பழைய வேலைப் பழக்கம். படிப்பு முடித்த புதிதில் பாலசமுத்திரம் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் மேற்பார்வைக்கு இருந்தேன். ஹைப்ரிட் தக்காளி விதை உண்டாக்கும் இடம். பெண் வரிசையில் மொட்டு விரியும் முன்பே இடுக்கியால் அதன் மகரந்தக் குழலைப் பிடுங்கிவிட வேண்டும். மறுநாள் காலை ஆண் வரிசையின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். வைத்ததற்கு அடையாளமாகக் காம்பின் பச்சை இதழில் இரண்டைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளல் இல்லாத பழம் ரசத்துக்குப் போகும். வேலைக்கு வந்த பெண்களுக்கு ஒரு வரிசை பொண்ணு, இன்னொன்று மாப்பிள்ளை. "மாப்ள வூட்டார் வந்தாச்சா?" என்று காலையிலேயே சிரிப்புதான். கையில் ஒட்டிய இலை வாடை மத்தியானச் சோற்றிலும் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும், வெளியே சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் காமாட்சியக்கா இருந்தாள். சொந்த நிலம் கிடையாது, கூலி வேலைதான். வீட்டுப் பின்னால் மடிப்பு மடிப்பாய், சப்பட்டையாய் ஒரு நாட்டுத் தக்காளி வைத்திருந்தாள். புளி போடாமலே குழம்பு வைக்கலாம். ஆனால் வாடல் நோய் வந்தால் செடி படுத்துவிடும். பண்ணையில் வாடாத மாப்பிள்ளை ரகம் ஒன்று இருந்தது. பண்ணைக்காரரைக் கேட்டு மிச்ச நாற்றை வாங்கிப் போனாள். தன் மடிப்புச் செடியைப் பொண்ணாக்கி, மொட்டில் அவளே குழலைப் பிடுங்கி, மாப்பிள்ளை மகரந்தத்தை அவளே தொட்டு வைத்தாள்.

அதில் வந்த செடி இருக்கிறதே! அம்மாவையும் மிஞ்சி அப்பாவையும் மிஞ்சி நின்றது. கொத்துக் கொத்தாய்ப் பழம், புளிப்பும் குறையவில்லை. அக்கா பழைய மடிப்புச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதற்கு இடம் பண்ணினாள். அவளிடம் நாற்று வாங்கிய ஊராரும் அப்படியே செய்தார்கள்.

"பொண்ணையும் வெச்சிக்கோக்கா, இந்தப் பழத்து வெதை இப்படியே வராது, வருஷா வருஷம் சேக்கணும்" என்றேன்.

"புள்ள பொறந்தாச்சு. இன்னும் இன்னாத்துக்குத் தம்பி கல்யாணம்?"

அந்தப் பழத்திலேயே விதை எடுத்து, குத்தகைக்கு நிலம் பிடித்துப் போட்டாள். இனிமேல் கூலிக்குப் போகப்போவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டாள். காய்த்ததோ ஒன்று உருண்டை, ஒன்று சப்பட்டை, ஒன்று கோலிக்குண்டு. சில செடி வாடியே போனது. மண்டிக்காரர் கூடையைக் கிளறிப் பார்த்து, "அன்னீ கலிசிபோயாயம்மா", எல்லாம் கலந்து போச்சு என்று தெலுங்கில் சொல்லி, கலப்பட ரகமாகத் தள்ளிவிட்டார்.

"என் வயித்துல பொறந்த மூணும் ஒரே மாதிரியாவா கீது? தக்காளிய மட்டும் கேக்கறியே!" என்று அங்கேயே சண்டை பிடித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

குத்தகை கைவிட்டுப் போய், திரும்பவும் கூலி. மறுபடி சேர்க்கலாம் என்றால் மடிப்புத் தக்காளி ஒரு வீட்டிலும் இல்லை. குடிபாலா வரைக்கும் தேடினோம். "அத்த இப்ப யாரு வெக்கிறா?" என்றார்கள்.

இப்போது பண்ணையும் இல்லை, மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அக்கா மட்டும் மாப்பிள்ளைச் செடியை வருஷம் தவறாமல் போட்டு விதை எடுத்து வைக்கிறாள். அது மாறாமல் அப்படியே வருகிறது. போன மாதம் பார்க்கப் போனேன். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"பொண்ணு கெடச்சுதா தம்பி?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுப் பின்னால் மாப்பிள்ளை பூத்திருந்தது.