சுவருக்கு வெளியே பூவம்மாள்

கவரைப்பேட்டைப் பக்கத்தில் எங்கள் சபைக்குக் குழி வெட்டியவர் மோசஸ். கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் வெட்டிய குழிதான். சாவு விழுந்தால் அவரைத் தேடுவோம். மற்ற நாளில் அவர் எங்கே உட்காருகிறார் என்றுகூடப் பார்க்க மாட்டோம். நான் அப்போது கமிட்டி மெம்பர். பெரிய மனுஷன்!

அவர் மனைவி பூவம்மாள் அம்மன் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமான நாள் முதல் ஒரு ஞாயிறு ஆராதனையையும் விட்டதில்லை. ஆனாலும் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது ஐயர் போட்ட விதி. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அதில் வரும் பொந்தியு பிலாத்து என்ற பேர் அவள் வாயில் நுழையவே இல்லை. இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். இயேசுவைச் சிலுவைக்குக் கொடுத்தவன் பேரைச் சொல்ல வராததால், அவள் இயேசுவிடம் சேர முடியாமல் நின்றாள். என்ன கண்றாவி இது!

1953, பெரிய வெள்ளி. சிலுவை மொழிகளில் ஆறாவதை ஐயர் பிரசங்கித்தார். 'முடிந்தது' என்றார் ஆண்டவர், இனி இரட்சிப்புக்கு மனுஷன் சேர்க்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். பூவம்மாள் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் விடியலில் அவளுக்குக் காலரா கண்டது. மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

கமிட்டி கூடினோம். ஞானஸ்நானம் பெறாதவளுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று முடிவு செய்தோம். அவள் பிறந்த ஊர்க்காரர்களோ, கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவளுக்கு எங்கள் சுடுகாடு கிடையாது என்று சொல்லியனுப்பினார்கள். மோசஸ் மண்வெட்டியோடு ஐயர் முன்னால் வந்து நின்றார்.

"ஆண்டவரு கூட சிலுவைல தொங்கி பரலோகம் போன கள்ளனுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா, ஐயரே? எல்லாம் முடிஞ்சிதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க. அப்பால எம் பொண்டாட்டிக்கு இன்னா பாக்கி?"

பரலோகம் தேவன் கையில் இருக்கிறது, தோட்டம் சபைச் சட்டத்தில் இருக்கிறது என்றார் ஐயர். மோசஸ் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தோட்டத்துச் சுவருக்கு வெளியே முள்ளுக்கு நடுவில் அவரே வெட்டி, அவரே மண் தள்ளினார்.

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் எங்களுக்குக் குழி வெட்டினார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காசநோய் முற்றிப் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னிய உள்ள போட்றாதீங்க. அவ அங்க ஒண்டியா கீறா. அவ பக்கத்துலயே போட்டுடுங்க."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

அவர் செத்த அன்று கமிட்டியில் அதைச் சொன்னேன். ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்து எடுத்த உறுப்பினரை வெளியே போட்டால் ஊர் சிரிக்கும் என்றார் ஐயர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சுவரிலிருந்து தள்ளி, நட்ட நடுவில் நல்ல இடமாகவே கொடுத்தோம். பெட்டியை இறக்கியபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் நான்.