வெட்பாலை எண்ணெயும் பூரணியின் முழங்கையும்

அன்னப்பூரணிக்கு எலி என்றாலே அருவருப்பு. ஆனால் செங்கலடிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தவளுக்கு, தொண்ணூற்றேழாம் ஆண்டில் இருபது வெள்ளை எலிகளைப் பராமரிக்கும் வேலைதான் வாய்த்தது.

விரிவுரையாளர் றஸீனா வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தார். எண்ணெய் நாவற்பழ நிறமானது. தோல் தடித்துச் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் எண்ணெய் அது. அதில் உண்மையிலேயே குணம் உண்டா என்று பார்க்க, பத்து எலிகளின் செதில் படிந்த வாலில் அதையும் மற்றப் பத்தின் வாலில் வெறும் தேங்காயெண்ணெயையும் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், பூச வேண்டும்.

அன்னப்பூரணிக்கும் அதே நோய் இருந்தது யாருக்கும் தெரியாது. முந்தைய வருடம் இராணுவச் சுற்றிவளைப்பில் அவள் கணவன் நல்லரத்தினத்தைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் முழங்கைகளில் பரவியது. நீளக் கைச்சட்டையால் மறைத்து வைத்திருந்தாள். எலிகளுக்குப் பூசி மிஞ்சிய ஊதா எண்ணெயை, ஒருவரிடமும் சொல்லாமல் தானும் தடவினாள்.

அடுத்த மாதம் நல்லரத்தினம் விடுதலையாகி வீடு வந்தான். சில நாட்களில் அவளுடைய முழங்கையில் செதில் ஒன்றுகூட இல்லை.

அதற்குள் றஸீனா எலி வால்களின் தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடித்திருந்தார்.

"ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரித்தான் இருக்கு, பூரணியக்கா. இந்த எண்ணெயில ஒண்டும் தெரியல்ல."

அன்னப்பூரணி கைச்சட்டையை மடித்துக் காட்டினாள்.

"எனக்கும் இந்த வருத்தம்தான் இருந்தது மிஸ், மிஞ்சின எண்ணெயத்தான் பூசினன். அப்ப இது எப்பிடி மாறினது?"

றஸீனா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயிலும் இதைக் குறைக்கும். வெயில் பட்டதா?"

"ஓம். தனியக் கூடு கழுவக்குள்ள கையை மடிச்சிட்டு வெயிலுக்கதான் நிக்கிறன்."

"வேற என்ன மாறினது?"

"அவர் வந்திட்டார்."

"எண்ணெயா, வெயிலா, அவர் வந்ததா எண்டு எனக்கும் சொல்லத் தெரியா அக்கா."

அன்னப்பூரணிக்கு வேறொரு பயமும் வந்தது. ஹெலிகொப்டர் தாழப் பறந்த அன்று அவசரத்தில் எந்தக் கூட்டுக்கு எதைப் பூசினாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அதையும் சொல்லிவிட்டாள். றஸீனா ஏசவில்லை. புதிய எலிகள் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார். முடிவு மாறவில்லை.

மறு வருடம் முழங்கையில் மீண்டும் செதில் திட்டு எழும்பியது. நல்லரத்தினம் வீட்டில்தான் இருந்தான். வெயிலுக்கும் குறைவில்லை. எண்ணெயும் பூசிப் பார்த்தாள். இந்த முறை குறையவில்லை.

"எண்ணெய் பழசாப் போயிற்றோ, புள்ள?" என்றான் நல்லரத்தினம்.

"புதிசா வெயில்ல வச்சதுதான்," என்றாள்.

அந்த மாதம் றஸீனா அதே நோய்க்குப் பூவரசம்பட்டையைச் சோதிக்கத் தொடங்கினார். பட்டையை இடித்துக்கொண்டே அன்னப்பூரணி கேட்டாள்: "மிஸ், இந்த முறை சோதனையில என்ர பேரையும் எழுதுங்கவன். ஒரு கைக்குப் பட்டை, மற்றக் கைக்கு வெறும் எண்ணெய்."

"முதல்ல எலிக்குப் பாப்பம் அக்கா," என்றார் றஸீனா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தக் கையில் எத்தனை திட்டு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.