கிரகணத்துக்கு நான் சொன்ன சாட்சி

1980-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் அது. அதியமான்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. நான் அப்போது ஒரு லாரியில் கிளீனராக இருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருக்க முடியாது எனக்கு. மங்களூர், சோலாப்பூர், விஜயவாடா என்று லாரி போன ஊருக்கெல்லாம் போயிருந்தேன். பல நாள் பட்டினி, பல நாள் லோடு மேல் தூக்கம். ஆனால் ஊர் திரும்பினால் டீக்கடையில் நாலு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "அப்பறம்?" என்று கேட்பார்கள். எனக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்த மாதம் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி என் கால்விரல்கள் இரண்டு நசுங்கிவிட்டன. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். எனக்குப் பதிலாக எங்கள் தெருவிலிருந்த என் நண்பனை முதலாளியிடம் சொல்லி நானே அனுப்பிவைத்தேன். அவன் பக்கத்திலிருக்கும் தொப்பூர் கணவாயைக்கூடத் தாண்டாதவன். மழை இல்லாமல் இரண்டு வருடமாக அவனுடைய மானாவாரிக் காடு காய்ந்து கிடந்தது. மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. இந்த ஒரு நடை ஒழுங்காகப் போய் வந்தால் அடுத்து வாங்கப்போகும் லாரியில் அவனை நிரந்தரமாகப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ராய்ச்சூருக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் வழியில் இருந்த நாளில்தான் சூரிய கிரகணம்.

அன்று மத்தியானத்துக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. "கண்ணு அவிஞ்சு போவும்டா, வூட்டுக்குள்ள வாடா!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். நான் நொண்டிக்கொண்டு போய் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, என் காலை எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சூரியனைப் பார்த்தேன். அது செய்யக் கூடாத காரியம் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கண் எரிந்தது. ஆனால் பார்த்தேன். என் விரல் எலும்புகளுக்குப் பக்கத்தில் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வெட்டிப்போட்ட நகம்போல ஆனது. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. வெயில் இருந்தது, சூடு இல்லை. மரத்தடியில் இலைச் சந்து வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் குட்டிக் குட்டிப் பிறைகளாகக் கிடந்தது. கையை நீட்டினால் உள்ளங்கையிலும் பிறை.

அதற்கடுத்த நாட்களில் டீக்கடையில் என் கொடிதான் பறந்தது. எல்லாரும் கதவுக்குப் பின்னால் இருந்தபோது பார்த்தவன் நான் ஒருவன்தானே! பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் லாரி திரும்பியது. நண்பன் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், அழுக்குச் சட்டையோடு நேராக என்னிடம் ஓடிவந்தான்.

"மச்சான், எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல. மேக்கால இருந்து கருப்பா ஒண்ணு ஓடியாந்துச்சு. மழைன்னு நெனச்சேன். பொசுக்குனு ராத்திரி ஆயிடுச்சு. அண்ணாந்து பாத்தா, சூரியன் இருந்த எடத்துல ஒரு ஓட்ட மச்சான்! ஓட்டையச் சுத்தி வெள்ளையா, கோழி றெக்கைய விரிச்சு வெச்சாப்ல. நட்சத்திரம் வேற!"

"வெறுங்கண்ணுலயா பாத்தே?"

"அப்பப் பாக்கலாம் மச்சான். கண்ணே கூசல."

"நானுந்தான்டா பாத்தேன். இங்க என்னா கிரகணம் புடிக்கலயா?" என்று என் பிறைகளைப் பற்றிச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "இது அதில்ல மச்சான்" என்றான்.

எத்தனையோ ஊரில் அடி வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைபோல எதுவும் சுட்டதில்லை. பத்து வயதிலிருந்து நான் சொல்ல அவன் கேட்பதுதான் வழக்கம். ஆறு வருடம் ரோட்டிலேயே கிடந்த எனக்குக் கிடைக்காதது, முதல் நடை போனவனுக்கு, அதுவும் நான் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து போனவனுக்குக் கிடைத்திருக்கிறது.

மறுநாள் முதலாளியின் லாரி ஷெட்டில் பஞ்சாயத்து. நடந்தது இதுதான். ராய்ச்சூருக்கு இந்தப் பக்கம் வண்டி போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று இருட்டியிருக்கிறது. டிரைவர் லைட் சுவிட்சைத் தேடுவதற்குள் வண்டி ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரக் கரிசல் சேற்றில் புதைந்துவிட்டது. மறுநாள் மாடுகளைப் பூட்டித்தான் இழுத்திருக்கிறார்கள். தக்காளியில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பது கிளீனர் வேலை.

"இருட்டுனது நெசந்தான். ஆனா இவன் எங்க ரோட்டப் பாத்தான்? தலைய வெளிய நீட்டி வானத்தப் பாத்துட்டு இருந்தான்" என்றார் டிரைவர். அவர் முதலாளிக்கு அண்ணன் முறை.

"இருட்டிடுச்சுங்க. ஓரம் தெரியலீங்க" என்றான் நண்பன்.

"பட்டப்பகல்ல இருட்டிடுச்சா? ரெண்டு பேரும் ஊத்திக்கிட்டீங்களா?" என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ உக்காந்து பாத்தியாமே. இங்க எவ்ளோ மறைஞ்சுது?"

"பத்துல ஒம்பது பங்குங்க."

"இருட்டுச்சா?"

"மங்குச்சுங்க. பேப்பர் படிக்கலாம்."

"அங்க முழுசுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அப்ப இன்னும் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குல ராத்திரி ஆயிடுமா?"

நண்பன் என்னைப் பார்த்தான். அவன் சொன்னது உண்மை என்று எனக்கு முந்தின நாளே தெரியும். அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு யாரும் பொய் சொல்ல முடியாது. "நான் பார்த்தது இங்கே, அங்கே எப்படியோ தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஒரு பங்குல என்னாங்க ஆவப்போவுது?" என்றேன்.

டிரைவருக்குத் திட்டு மட்டும் விழுந்தது. நண்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது லாரிக்கு வேறு ஆள் வந்தான். என் கால் ஆறியதும் என் இடம் எனக்கே வந்தது. நண்பன் நல்லம்பள்ளிப் பக்கம் கல் உடைக்கப் போனான். டீக்கடைப் பக்கம் அவன் வந்தால், "என்னாப்பா, இன்னிக்கு எத்தன மணிக்கு இருட்டும்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் வருவதில்லை.

மே மாதம் அதே டிரைவரோடு அதே ரோட்டில் போனேன். வண்டி இறங்கிய இடத்துக்கு எதிரே ஒரு ஓலைக் கொட்டகை டீக்கடை. கடைக்காரம்மாவுக்கு வயது ஐம்பது இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கோழிகள் தானாகக் கூடைக்குள் போய் அடைந்தனவாம். கிரகணம் விடட்டும் என்று தட்டைத் தட்டப் போன அவர் வீட்டுக்காரர், தட்டாமல் அப்படியே நின்றுவிட்டாராம். ஒரு டீ போடுகிற நேரம்தான். கடைசிக் கீற்று வெளிச்சம் இருக்கும் வரை பகல், அது அணைந்ததும் வேறு உலகம் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்: எதிரே ஒரு தமிழ்நாட்டு லாரி சாய்ந்து கிடந்தது, டிரைவர் தலையில் அடித்துக்கொண்டிருந்தார், கூட வந்தவன் மட்டும் ரோட்டின் நடுவில் நின்று, கையை மேலே தூக்கிக்கொண்டு அழுதான். "நாங்களும் அழுதோம்" என்றார்.

வண்டியில் ஏறியதும் டிரைவர், "நான் அன்னிக்கே இருட்டுன்னு சொன்னேன்ல? நீதான் பேப்பர் படிக்கலாம்னே" என்றார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, அந்த அழுகை எனக்கு வாய்க்கவில்லையே என்ற ஆத்திரம் அந்த நேரத்திலும் அடங்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அழுவுன தக்காளி இப்ப பழுக்கவா போவுது? சரி, வேணும்னா அவன வரச் சொல்லு" என்றார். அன்றைக்கே கல் குவாரிக்குப் போனேன். புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகுதான் சம்மட்டியை ஊன்றி நின்றான்.

"நீ பாத்தத நீ சொன்னே மச்சான். அதுல ஒண்ணுமில்ல. ஆனா பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம உன் வூட்டுக்குத்தான் மொதல்ல ஓடியாந்தேன். நாலு எடம் பாத்தவன், நீ ஒருத்தன் நம்புவேன்னு."

"தப்புதான்டா. லாரிக்கு வா. கூப்புடறாரு."

"வேணாம். நான் பாக்க வேண்டியது பாத்தாச்சு. நீதான் பாக்கல. நீ போ" என்று சிரித்துவிட்டு, மறுபடி சம்மட்டியைத் தூக்கினான்.

அதன் பிறகும் பல வருடம் லாரியில் சுற்றினேன். முழு கிரகணம் மட்டும் என் வழியில் வரவே இல்லை. அவனை நினைத்தால் இப்போதும் பொறாமைதான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதையாவது பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தால், எங்கே நின்று பார்த்தேன், எவ்வளவு பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் பார்க்காமலே ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்ட அந்த ஒரு பங்கில்தான் ஒரு மனிதனின் பிழைப்பு இருந்தது.